மெட்ராஸ் – திருச்சி, ஒரு மணி நேரம்

மாப்ளே,

பெரம்பலூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டிராவல்ஸ் கடை திறந்திருக்கிறார்கள். வாசல் பலகையில் பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. 'மெட்ராஸ் – திருச்சி, விமானத்தில் ஒரு மணி நேரம்' என்று எழுதியிருக்கிறது. பொய் என்று சொல்ல முடியாது. வாசித்துவிட்டு, வந்த வேலையை மறந்து, ஊர் பஸ் என்று நினைத்து அரியலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நீ முதல் விடுப்பில் வந்தபோதும் இந்தக் கணக்கைத்தான் உனக்குச் சொன்னோம். காலையில் மெட்ராஸில் இறங்கி, நம் ஊர் லப்பைக்குடிக்காட்டில் உன் மாமாவின் துணிக்கடைக்கு ட்ரங்க் கால் போட்டாய். வந்துவிட்டேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டாய். அன்று விடியற்காலையில் உன்னைப் பெற்ற அத்தா இறந்துபோனதை மாமா சொன்னார். பள்ளிக்கூடக் கூட்டாளி என்பதால் நானும் அங்கே நின்றிருந்தேன். உடனே பஸ் ஏறுவதாக நீ சொன்னாய் போலிருக்கிறது. மாமா குறுக்கிட்டார்.

"பஸ்ஸா? சவுதிலேர்ந்து வந்த புள்ள பஸ்ஸுல வந்து எறங்குனா ஊரு என்னடா பேசும்? பிளேன்ல வா. ஒரு மணி நேரந்தான்."

பஸ் உன்னைத் தொழுதூரில், வீட்டுக்குப் பக்கத்தில் இறக்கியிருக்கும். விமானம் உன்னை ஊருக்கு மேலாகவே தூக்கிக்கொண்டு போய்த் திருச்சியில் விடும். அங்கிருந்து வந்த வழியே காரில் திரும்ப வேண்டும். இது யாருக்கும் தெரியாததல்ல. ஆனால் கல்ஃப் போனவன் கௌரவமாக வரவேண்டும். சீக்கிரம் வருவது அதற்கு அடுத்தபடிதான்.

மதியம் எடுப்பதாக இருந்த ஜனாஸாவை உனக்காக மாலை அஸர் தொழுகைக்குத் தள்ளினார்கள். விமானம் கிளம்பவே தாமதம் என்பது எங்களுக்குத் தெரியாது. அஸரும் முடிந்தது. மாமா இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றார்.

"எவ்வளவு நேரந்தாங்க காக்க வெக்கிறது? வெயிலப் பாருங்க," என்றார் பள்ளிவாசல் முத்தவல்லி.

முகத்தை மூடுமுன் வரிசையில் நின்று நானும் பார்த்துக்கொண்டேன். அடக்கம் செய்ய மையவாடிக்குத் தூக்கிப் போகும்போது தலைக்கு மேலே சத்தம் கேட்டது. தோள் கொடுத்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

"அந்தா போறான்," என்றார் மாமா. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அன்று அவருக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

நீ அம்பாஸிடரில் வந்து இறங்கியபோது இருட்டிவிட்டது. கபர் மண்ணில் ஈரம் காயவில்லை.

"மொகம் எப்படிடா இருந்துச்சு?"

"தூங்குற மாதிரி."

"எல்லாருக்கும் அதத்தான்டா சொல்லுவாங்க. நெசமா சொல்லு."

நெற்றியில் போகாமல் நின்ற சுருக்கம், ஒரு பக்கமாகச் சரிந்த உதடு என்று சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாய்.

"போதும்டா. சொன்னா தெரிய மாட்டேங்குது."

போன மாதம் உன்னைச் சவுதியிலேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். உன் முகம் எப்படி இருந்தது என்று கேட்க அங்கே எனக்கு யாரையும் தெரியாது. உன் அத்தாவின் முகம் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் எனக்கு உறவில்லை. பார்த்திருக்க வேண்டியவன் நீ. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வதென்று தெரியவில்லை.