என் நம்பரிலிருந்து வரும் பதில்

அன்புத் தங்கச்சி,

கடை ஃபோனிலிருந்து எத்தனையோ தடவை கோல் எடுத்தேன். நீ தூக்கவில்லை. தெரியாத நம்பரை எடுக்காதே என்று சொன்னவளே நான்தான். அதனால் இதைக் கடுகண்ணாவைக்கு வரும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து என் ஃபோனில் சிக்னல் இல்லை. மழையில் டவர் பழுதாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். இன்று வத்தேகம ஃபோன் கடைப் பெண் பார்த்துவிட்டு, "இந்த நம்பருக்குப் புது சிம் எடுத்திருக்காங்க அக்கா. கோல், மெசேஜ் எல்லாம் இனி அதுக்குத்தான் போகும்" என்றாள். அந்த வீட்டை விட்டு ஓடி வந்த அவசரத்தில், சிம் பிள்ளையின் அப்பா பெயரில் இருப்பதை மறந்துவிட்டேன்.

உன்னிடம் விட்டிருக்கும் என் மகளை ஸ்டேஷனுக்குக் கூட்டி வரச் சொல்லி என் நம்பரிலிருந்து மெசேஜ் வந்தால் போகாதே.

தினமும் அவள் எனக்கு அனுப்பும் குட் நைட்டுக்கு இந்த நாட்களிலும் பதில் வந்திருந்தால், அதைப் போட்டது நான் இல்லை.

உன் அக்கா