நாற்பத்தொரு கிணறுகள்

அன்பு மகள் லட்சுமிப்ரியாவுக்கு அப்பா எழுதுகது, இங்க நானும் அம்மையும் சுகம், டெல்லிக் குளிர்ல உனக்கு ஒரு கேடும் வராம தாணுமாலயன் காக்கட்டும். போன்ல சொன்னா அம்மை வெக்கப்பட்டுப் பேச்சை மாத்திருவா, அதான் எழுதுகேன். ஊருக்கு மேக்க பாறை உடைக்கிறவங்க இன்னும் அஞ்சு வருஷம் அனுமதி கேட்டிருக்காங்க. கிராம சபைக்கு வந்த அதிகாரி, பாறையால நம்ம பகுதி வருமானம் ரெண்டு மடங்காச்சுன்னு வாசிச்சார். என் பக்கத்துல ஐயப்பன் இருந்தான், அந்தப் பாறையில லாரி ஓட்டுறவன்லா, அவன் பிழைப்பை நினைச்சு நான் வாயே திறக்கல்ல. அம்மைதான் எழும்பினா. உடைச்ச பாறை வருமானம், சரி சாரே, பாறைக்குழியால எங்க கிணறு வத்தி அஞ்சுகிராமத்துலேருந்து லாரித் தண்ணி வாங்குகோம், அதையும் வருமானத்துல சேத்திருப்பிய, போன தண்ணிய எங்க கழிச்சிருக்கியன்னு கேட்டா. அவர் கோவப்படல்ல. இந்தத் தாள்ல கழிக்க இடமே இல்லம்மா, எவ்வளவு குறைஞ்சதுன்னு அளவு உண்டுமான்னு கேட்டார். யார்கிட்டயும் இல்ல.

மறுநாளே அம்மையும் நேசபாய் டீச்சரும் கயித்துல கல்லைக் கட்டிக்கிட்டு வீடு வீடாப் போனாங்க. கிணத்துச் சுவர்ல பழைய தண்ணி நின்ன கறை தெரியும், அங்கேருந்து இப்ப நிக்கிற தண்ணி வரை அளந்து, வீட்டுக்காரங்க கையெழுத்தும் வாங்கினாங்க. ஐயப்பன் வீட்டை மட்டும் விட்டுட்டாங்க. சாயங்காலம் அவனே வந்து அம்மைகிட்ட, என் கிணத்த ஏன் மைனி விட்டியன்னு கேட்டான். அளந்தா இருவத்திரெண்டு அடி, ஊர்லயே அதுதான் கூடுதல். கையெழுத்துப் போட்டான். சேதி பாறைக்காரங்க காதுக்குப் போய், திங்கக்கிழமை அவனை வேலைக்கு வரண்டாம்னுட்டாங்க. நாப்பத்தொரு கிணத்து அளவையும் கலெக்டர் ஆபீஸ்ல குடுத்தோம், அரசாங்கமே வந்து தண்ணிய அளக்கிற வரைக்கும் அனுமதியை நிறுத்தி வச்சிருக்காங்க, ரத்தாகல்ல. ஐயப்பன் முகத்தைப் பாக்க எனக்குக் கூசுகு, அவன் சாதாரணமாத்தான் பேசுகான்.

நாட்டுச் சொத்தைக் கணக்கெடுக்கிற ஆபீஸ்ல வேலைன்னு நீ சொன்னப்ப அது பெரிய ஆட்கள் காரியம்னு இருந்துட்டேன். விதைநெல்லை வித்துட்டு இந்த வருஷம் விளைச்சல் கூடுதல்னு எழுதினா அடுத்த பூ சாகுபடிக்கு எதை விதைக்க? இருப்பு குறைஞ்சதையும் எழுதணும் மக்கா, அதுக்கு நீங்க தாள்ல ஒரு இடம் போடணும். அளவுத் தாளோட நகல் இதுக்குள்ள வச்சிருக்கேன், மறக்காம உன் மேலதிகாரி கையிலயே குடு. ஐயப்பன் கையெழுத்து இருக்கிற பக்கத்தை முதல்ல காட்டு.

நல்லா இரு, நீண்ட ஆயுசோட இரு.

உன் அப்பா
பூதலிங்கம்