இரண்டாவது ஈசிஜி

அன்பு மகளுக்கு,

நலமாக இருக்கிறேன். அம்மா போனில் சொல்லியிருப்பாள். இருந்தாலும் என் கையால் எழுதத் தோன்றியது.

அன்றைக்கு ஏரியில் வலை இழுக்கும்போது தாடை வலித்தது, சட்டை நனைய வியர்த்தது. வாயு என்று நினைத்து சோடா குடித்தேன். அம்மாதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். உடனே அவள் உனக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் உன் குரல் கேட்டது.

"நைனாவ வுடாதம்மா! மொத ஈசிஜில தெரியாமலும் போவும். வலி இருக்குதுல்ல? கா மணி நேரம் கழிச்சி இன்னொன்னு எடுக்கச் சொல்லு."

எடுத்தார்கள். பேப்பரைப் பார்த்ததும் டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். மாரடைப்பு! மாத்திரை, ஊசி, ஆம்புலன்ஸ், சென்னையில் ஸ்டென்ட் என்று எல்லாம் மளமளவென்று நடந்தது. இதயம் பெரிதாகக் கெடவில்லையாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர், "இன்னொரு ஈசிஜி எடுக்கச் சொன்னது யார்?" என்று கேட்டார்.

"என் பொண்ணு சார். நர்ஸு!" என்றேன்.

நான் வேண்டாமென்ற அந்தப் படிப்புக்காக நீ வீட்டைவிட்டுப் போனதிலிருந்து நாலு வருஷமாக உன் பேச்சை நான் யாரிடமும் எடுத்ததில்லை. அன்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

லீவு கிடைத்தால் வா. பஸ் ஸ்டாண்டுக்கு நானே வருகிறேன். நன்றாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உன் நைனா