வெயிலில் காயவைத்த படம்

பெரியதாழை,
வியாழக்கிழமை.

அன்புள்ள கிளைட்டன் அண்ணனுக்கு,

படத்தில் முதலில் தெரிந்தது பிள்ளையின் கன்னத்தில் விஜிலா மதினி வைத்த கறுப்புப் பொட்டுதான். முகம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன். மாதாவின் காவலில் இங்கே அப்பா, அம்மா, மதினி, உன் மகன், நான் எல்லோரும் சுகம். நீயும் கப்பலில் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன், ஊடே என் பேச்சும் வரும்.

பிள்ளைக்குச் சளி குறைந்துவிட்டது, இப்போது குப்புற விழுகிறான், விழுந்துவிட்டுத் திரும்பத் தெரியாமல் அழுகிறான். காற்று அதிகமானதால் அப்பா இந்த வாரம் சரியாகக் கடலுக்குப் போகவில்லை. இன்ஜின் ரூமிலிருந்து வேர்வையோடு வந்து ஏசிக்கு நேரே நிற்காதே என்று அம்மா எழுதச் சொல்கிறாள்.

நீ விட்டுவிட்டுப் போன கேமரா, எடுத்த உடனே படத்தை வெளியே தள்ளுமே, அது வீட்டுக்குப் பிரயோஜனப்படுகிறதா, இல்லையென்றால் உன் கூட்டாளி கேட்கிறான், உன் கப்பலில் ஏறப் புறப்படுகிற கிங்ஸ்டன் அண்ணன் வீட்டுக்கு வரும்போது அவரிடம் கொடுத்துவிடுங்கள், பிள்ளையின் படம் ஒன்றும் அனுப்புங்கள் என்று போனில் கேட்டாய். அம்மா கொடுத்து விடுதோம் என்று உடனே சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். போன் என்றால் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும், அதனால் என் பதிலை இதில் எழுதுகிறேன்.

விலை குறைந்த கேமராதானே, குறை நிறைய இருக்கிறது. ஒரு பிலிம் பாக்கெட்டில் பத்துப் படம்தான், அந்தப் பாக்கெட்டுக்குத் தூத்துக்குடி வரை போனால் கடைக்கார அண்ணாச்சி சொல்லி வைத்தால்தான் வரும் என்கிறார். கண் வைத்துப் பார்க்கிற ஓட்டை ஒரு பக்கம், லென்ஸ் ஒரு பக்கம். அது தெரியாமல் அப்பாவைக் கிட்ட நின்று எடுத்ததில் மீசைக்கு மேலே ஒன்றும் இல்லை. தலை இல்லாட்டியும் ஒங்க அப்பன்னு அடையாளம் தெரியுது என்று அம்மா சிரித்தாள். கடற்கரையில் நல்ல வெயிலில் எடுத்தால் கடலும் வானமும் ஒரே வெள்ளை, வள்ளம் மட்டும் கரிக்கட்டை மாதிரி நிற்கிறது. உப்புக்காற்று படாமல் இருக்கக் கேமராவை அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறேன்.

ஆனால் மீன் ஏலக்கூடத்தில் கூடைக்கார பிலோமினா பெரியம்மாவைப் பார்த்து, கொஞ்சம் நில்லுங்க, ஒரு படம் எடுக்கேன் என்று நான்தான் சொன்னேன். ஏளா, ஹென்றி மவளா நீ, ஒனக்கு வாயும் இருக்கா என்று கேட்டுவிட்டு, மீன் கூடையை இறக்கி வைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். படத்தைக் கையில் கொடுத்ததும் போகவே இல்லை, உருவம் வரும்வரை என்னோடு நின்று பேசினாள். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு வெளியாட்கள் யாரோடும் நான் அவ்வளவு நேரம் பேசியதில்லை. இப்போது தெருவில் கண்டால் அவளே கூப்பிடுகிறாள். படத்தைக் கொடுத்துவிட்டால் நம்மிடம் ஒன்றும் மிஞ்சாது, அது குறைதான். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

இப்படிக் கொடுத்துக் கொடுத்துக் கடைசியில் இரண்டு படம்தான் மிச்சம். அதில் ஒன்றில் திங்கட்கிழமை பிள்ளையை எடுத்து, உருவம் வர நிழலில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். படம் பளபளவென்று ஈரமாக இருப்பதாக நினைத்து, அம்மா அதை எடுத்து நெத்திலி காய்கிற வலையில், முகம் மேலே இருக்கும்படி பரப்பி வைத்துவிட்டாள். காக்கா தூக்கிவிடக் கூடாதென்று கம்போடு காவலும் இருந்தாள். மத்தியானம் எடுத்துப் பார்த்தால் முகம் இருந்த இடத்தில் மஞ்சள் பூத்த வெள்ளைதான் இருந்தது. வெயிலுக்குத் தாங்காத சாமான் நம்ம ஊருக்கு எதுக்குளா, கிங்ஸ்டன் வந்தா மொதல்ல அதக் குடுத்து விடு என்று கத்தினாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

இன்று காலை மிச்சமிருந்த ஒன்றை எடுத்தோம். போனில் பிள்ளையை எத்தனையோ எடுத்திருக்கிறோம், அதற்கெல்லாம் யாரும் முகம் கழுவியதுகூட இல்லை. இதற்கு அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்தார், மதினி பிள்ளைக்குப் பொட்டு வைத்து, பிறகு அழித்து, திரும்ப வைத்தாள். அம்மா மட்டும் அடுக்களையை விட்டு வரவில்லை. நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பிள்ளையை அவள் மடியில் கொடுத்தேன். எடுத்ததும் படத்தையும் அவளிடமே நீட்டினேன். முந்தானைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, ஏளா, பொட்டு தெரியுது என்றாள்.

படத்தைக் கப்பல் ஜன்னல் பக்கம் ஒட்டாதே, வெயில் படாத இடமாகப் பார்த்து ஒட்டு. ஞாயிற்றுக்கிழமையானால் எந்தக் கடலில் இருந்தாலும் ஒரு செபம் சொல்லிக்கொள். அதை எழுது என்று அம்மா இரண்டு தரம் சொல்லிவிட்டாள். மாதா உன்னைப் புயலுக்கும் நோய்க்கும் விலக்கிக் காக்கட்டும், கரைக்கு வரும்போது உன் மகன் உன்னைப் பார்த்து அழாமல் இருக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
அந்தோணியம்மாள்.
எழுதியவள் உன் தங்கை ஏஞ்சலின்.

பின்குறிப்பு: கிங்ஸ்டன் அண்ணன் வந்துவிட்டார். கேமரா எங்கன இருக்கு, எடுத்துட்டு வா என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அது இங்கனயே இருக்கட்டும் அண்ணே என்று நானே சொல்லிவிட்டு, அவரிடம் கொடுத்துவிட, படத்தை மட்டும் இந்தக் கடிதத்துக்குள் வைத்து உறையை ஒட்டுகிறேன்.