நாமினி இடத்தில் யார் பெயர்?

புது வேலைக்காகப் பார்சிப்பனி ஊருக்குப் போய், தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதாகச் சொல்லும் என் கணவருக்கு,

உங்கள் பெயருக்கு வந்த கவரை நான் பிரிக்கவில்லை. காய் நறுக்கும் கத்திதான் பிரித்தது. பழைய கம்பெனியில் சேர்ந்த ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் ஐ.ஆர்.ஏ. என்று உங்கள் சொந்த ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்றிவிட்டீர்களாமே!

எனக்கு இதெல்லாம் புரியாது. அதனால் அனுமார் கோயில் பிரசாத வரிசையில், இந்தக் கணக்கெல்லாம் தெரிந்த தோழி வான்மதியிடம் பொதுவாகத்தான் கேட்டேன். ஆகவே இங்கே நம் ஃபிரிஸ்கோவில் பாதிப் பேருக்கு இப்போது தெரியும்.

"கம்பெனி அக்கவுண்ட்ல பொண்டாட்டிதான்க்கா நாமினி. வேற பேர் போடணும்னா நீங்க சைன் பண்ணணும். ஐ.ஆர்.ஏ.ல அவர் யார் பேர் வேணா போடலாம், உங்களக் கேக்கவே வேணாம்," என்றாள். "ஆமா, அங்க அண்ணாவுக்கு யாரு சமைக்கிறா அக்கா?" என்று வேறு சிரித்தாள்.

நானும் சிரித்தேன். இருபத்திரண்டு வருடமாக உப்பு எந்த டப்பாவில் என்று கேட்டவர், போன வாரம் வத்தக்குழம்பு வைத்ததாகச் சொன்னீர்கள். அதை நம்பி நாலு வீட்டில் பெருமையடித்த புத்திசாலி நான்.

கவரில் நாமினி பெயர் இல்லை. வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறேன். பெயர் எழுதிய பக்கத்தை எடுத்து வையுங்கள். பருப்புப்பொடி ஒருவருக்கா, இருவருக்கா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கையெழுத்துக் கேட்கப்படாத மனைவி