ஆரோக்கியமான ஆள், எண் நான்கு

மார்ச் 3, செவ்வாய்

செல்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கணையத்தில் ஹார்மோன் சுரக்கிற செல்களிலிருந்து கிளம்பும் கட்டி இது. ஆள் உடம்பிலேயே ஆடி அசைந்து வருஷக்கணக்கில் வளரும். கண்ணாடித் தட்டில் வளரும் வேகத்தைக் கேட்கவே வேண்டாம். காலையில் மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்த்து "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டேன். பக்கத்து மேஜைக்காரர் (சாயங்காலம் மணியடித்தாற்போல் கிளம்பிவிடுவதால் எங்களுக்கு அவர் 'கடிகாரம்') "வீட்டு ஆளுங்களைக்கூட இப்படி விசாரிக்க மாட்டீங்க" என்றார். உண்மைதான்.

இன்று நோயில்லாதவர்களின் ரத்தம் எடுத்தோம். இந்தக் கட்டிகளில் ஒரு வகை, காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கொட்டோ கொட்டென்று கொட்டும். எவ்வளவு அதிகம் என்று சொல்ல, சாதாரண ஆளுக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமே. நோயாளிகள் கிடைத்துவிடுகிறார்கள், ஆரோக்கியசாலிகளுக்குத்தான் பஞ்சம். அதனால் ஆளாளுக்கு வீட்டிலிருந்து ஒருவரை இழுத்து வருகிறோம். நான் இழுத்து வந்தது என் நாத்தனாரை.

அக்கா என் கணவருக்கு மூத்தவர், எங்களோடுதான் இருக்கிறார், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். கேட்க வேண்டிய கேள்விகளை நேற்றே சமையலறையில் வைத்து முடித்துவிட்டேன். "சர்க்கரை இல்லையே? பிரஷர் இல்லையே? மாத்திரை எதுவும் சாப்பிடறதில்லையே?" "எனக்கென்ன கேடு? இல்லை, இல்லை, இல்லை." பால் பொங்குவதற்குள் வேலை முடிந்தது.

ஊசி போட வந்த நர்ஸை "பார்த்துக் குத்தும்மா, கியர் போடற கை" என்று அக்கா அதட்டியது மாடி வரை கேட்டிருக்கும்.

மார்ச் 5, வியாழன்

"ஆரோக்கியம்னா என்னன்னு ஆராய்ச்சிக்காரங்களுக்கே சந்தேகம் வந்தா, என் ரத்தத்தைத்தான் எடுத்துப் பார்க்கறாங்க." ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண்ணிடம் அக்கா. பாவம் அந்தப் பெண், ஸ்டியரிங்கை விடவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் இருந்தது.

மார்ச் 11, புதன்

எண் நான்கு. காஸ்ட்ரின் மற்றவர்களைவிட ஐந்து மடங்கு அதிகம்.

கடிகாரம் சோதனையை மறுபடி ஓட்டிப் பார்த்தார். அதே எண். நான்கு யார் என்று எனக்குத் தெரியக் கூடாது, அதுதான் விதி. ஆனால் அன்று நான்காவதாக நாற்காலியில் உட்கார்ந்து நர்ஸை அதட்டியது யாரென்று ஆய்வகத்துக்கே தெரியும். கடிகாரம் என் முகத்தைப் பார்த்தார். ஐந்து மணி தாண்டியும் போகவில்லை.

காஸ்ட்ரின் ஏற ஆயிரம் காரணம் உண்டு. எனக்குத் தெரியாதா? ஆனாலும் பத்து வருஷமாகக் கட்டியைத் தவிர வேறெதையும் பார்க்காதவளுக்கு வேறென்ன தோன்றும். அக்காவுக்கா? எங்க அக்காவுக்கா?

மார்ச் 12, வியாழன்

டாக்டரிடம் போனோம். ஆராய்ச்சிக்கும் அவர்தான் தலைவி, வயிற்று நோய்களில் பழுத்தவர். அக்காவிடம் "தினமும் ஏதாவது மாத்திரை போடறீங்களா?" என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன் — "அதெல்லாம் கேட்டாச்சு டாக்டர், ஒண்ணும் கிடையாது." அக்காவும் தலையாட்டினார். அடுத்த வாரம் ஸ்கேன்.

வரும்போது ஆட்டோவில் அக்கா கேட்டார். "ஒழுங்கா சொல்லு. உன் தட்டுல இருக்கே, அதுவா எனக்கு?" "இருக்காதுக்கா" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

என் கணவர் வீட்டில் அடிக்கடி தண்ணீர் குடிக்கப் போகிறார். அழுவதற்குத்தான். தெரியாத மாதிரி இருக்கிறேன்.

அக்கா மட்டும் திடீரென்று கார்ச் சாவியை என் கையில் திணித்தார். "கத்துக்கோ. எனக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரிக்கு யாரு ஓட்டறது? என் தம்பி ஓட்டினா வழியிலயே போய்ச் சேர்ந்துடுவேன்."

ஆறு வருஷம் முன்பு கேட் தூணில் மோதிவிட்டு, இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று சபதம் போட்டவள் நான். கீறல் இன்னும் தூணில் இருக்கிறது. இன்று சபதம் காற்றில் போயிற்று. தெருமுனை வரை போய் வந்தோம். அக்கா, கற்றுக்கொடுப்பவருக்கென்று தன் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கை வழி நெடுக மிதித்துக்கொண்டே வந்தார். "அந்த அம்மா ரோட்டைக் கடக்கறாங்க, தெரியுதா? உன் தட்டுல இருக்கற செல்லு இல்லை, ஓடாம நின்னு காட்டறதுக்கு."

சிரித்தோம். எத்தனை நாளாயிற்று.

மார்ச் 18, புதன்

தூக்கமே வரவில்லை. சந்தோஷத்தில்.

சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். கண்ணாடியில் தூசி, துடைக்கத் துணி கேட்டேன். அக்கா முன்னால் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தார். துணியோடு சேர்ந்து ஒரு மாத்திரை அட்டை மடியில் விழுந்தது. பாதிக்கு மேல் காலி. பெயரைப் படித்தேன். வயிற்றில் அமிலமே சுரக்கவிடாமல் அடைக்கிற மாத்திரை. கட்டியே இல்லாமல் காஸ்ட்ரின் ஏற இது ஒன்று போதும்.

"அக்கா, இது என்ன?"

"இதுவா? நெஞ்சு எரிச்சலுக்கு. காலையில காபிக்கு முன்னாடி ஒண்ணு போட்டுக்குவேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மூணு வருஷமா. பசங்க ஓட்டற லட்சணத்துக்கு எரியாம என்ன செய்யும்?"

"மாத்திரை சாப்பிடறதில்லைன்னு சொன்னீங்களே!"

"இது மாத்திரையா? கடையில நானே வாங்கறது. டாக்டர் எழுதிக் கொடுத்தாத்தானே மாத்திரை?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அக்காவைக் கட்டிக்கொண்டேன். பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஊரே ஹாரன் அடித்தது. "முதல்ல கியரைப் போடுடி, அப்புறம் அழலாம்!"

கேட்டேனே நானும் ஒரு கேள்வி — "சாப்பிடறதில்லையே?" பதிலையும் நானே வாயில் ஊட்டிவிட்டுக் கேட்ட கேள்வி. போதாததற்கு டாக்டர் முன்னால் முந்திரிக்கொட்டை வேலை வேறு.

மார்ச் 19, வியாழன்

டாக்டர் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "மாத்திரையால இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன்" என்றார். அமிலத்தையும் அளந்து பார்க்க வேண்டுமாம். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தி, பிறகு மறுபடி ரத்தம். வலி தாங்கவில்லை என்றால் உடனே தன்னைக் கூப்பிட வேண்டும் என்றார். ஸ்கேனைத் தள்ளி வைத்திருக்கிறார், ரத்து செய்யவில்லை.

நேற்றைய ஆட்டத்துக்கு இன்று கொஞ்சம் அடக்கம் வந்திருக்கிறது.

மார்ச் 28, சனி

அக்காவுக்கு எரிச்சல், நெஞ்சிலும் வாயிலும். காபிக்குத் தடை. மாணவர்கள் பயந்து ஒழுங்காக ஓட்டுகிறார்களாம்.

"அந்த காஸ்ட்ரின் என்னதான் பண்ணுது?" என்று கேட்டார். சொன்னேன்: காஸ்ட்ரின் வயிற்றை அமிலம் சுரக்கச் சொல்லும். போதுமான அமிலம் வந்ததும், அந்த அமிலமே காஸ்ட்ரினை நிறுத்திவிடும். மாத்திரை அமிலத்தை அடைத்துவிட்டால் நிறுத்த ஆளில்லை, காஸ்ட்ரின் பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "அப்போ நான் பிரேக் ஒயரைக் கழட்டிட்டு, வண்டி ஏன் நிக்கலைன்னு கேட்டிருக்கேன்."

"ஆமா. கட்டின்னா ஒயர் சரியா இருந்தாலும் நிக்காது."

"என்னோடது நிக்கும்" என்றார். கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அக்காவை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை நான். இன்றும் சொல்லவில்லை. வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

நின்றது!

கடிகாரம்தான் இயந்திரத்தை ஓட்டினார். நான் அந்தப் பக்கமே போகவில்லை, கை கழுவிக்கொண்டே இருந்தேன். "எல்லாரையும் மாதிரிதான் இருக்கு" என்றார். அமில அளவும் சரி. டாக்டர் போனில் ஒரே வார்த்தை: "போதும்." ஸ்கேன் ரத்து.

அக்காவிடம் சொல்ல ஓடினேன். அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பின் சீட்டில் ஏறிச் சொன்னேன். இரண்டாவது பிரேக்கை ஒரே மிதி. ஓட்டிக்கொண்டிருந்த பையன் "நான் என்ன மேடம் தப்பு பண்ணேன்?" என்று அலறினான். "ஒண்ணுமில்லப்பா. நீ நல்லாத்தான் ஓட்டறே" என்றார் அக்கா. இதுவரை அவர் வாயிலிருந்து யாரும் கேட்காத வார்த்தை.

ஏப்ரல் 17, வெள்ளி

எல்லா ஆரோக்கியசாலிகளிடமும் மறுபடி கேட்டோம். இந்த முறை அக்கா சொல்லிக்கொடுத்த மாதிரி: "காலையில கண்ணு முழிச்சதும் வாயில முதல்ல என்ன போடுவீங்க?" இன்னும் சிலர் மாட்டினார்கள். கடிகாரம் கூட்டி வந்த அவர் மாமனாரும் அதில் ஒருவர். அவர்களைத் தனியே பிரித்ததும், இதுவரை குழம்பிக் கிடந்த என் வரைபடம் தெளிந்துவிட்டது. நோயாளிகள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம், நடுவில் நல்ல இடைவெளி. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தட்டில் செல்கள் இரண்டு மடங்காகியிருக்கின்றன. அவசரமே இல்லாமல்.

மே 9, சனி

டாக்டர் அக்காவைத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். மாத்திரையை நிறுத்தியவர்கள் என்று புதிதாக ஒரு குழு. "அதுலயும் முதல் ஆள் நான்தானே?" என்று மூன்று முறை கேட்டுவிட்டார்.

காலையில் கேட்டைத் தாண்டி வண்டியைப் பின்னால் எடுத்தேன். தூணில் இடிக்கவில்லை. ஆய்வகம் வரை நான்தான் ஓட்டினேன். பெரிய ரோட்டில் திரும்பும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.