முப்பத்தேழாவது வீட்டின் ஜன்னல்

கிளீவ்லாந்து,
ஏப்ரல் 19, ஞாயிறு மாலை

அன்பு மகள் மர்லீனாவுக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தினால் உன் தகப்பனாகிய நான் சுகமாயிருக்கிறேன். நீயும் மருமகனும் அந்த அலாஸ்காக் குளிரில் உடல்நலம் குன்றாமல் இருக்க அதிகாலை ஜெபத்தில் உங்கள் பெயர்களைச் சொல்லாத நாளில்லை. உறையின் மேல் புதிய முகவரியைக் கண்டு நீ பதறியிருப்பாய். பதறாதே, முழுவதும் படி. உன்னிடம் நான்கு மாதங்களாக ஒன்றை மறைத்தேன், அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நாம் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் நவம்பர் கடைசியில், அதாவது நன்றியறிதல் விருந்துக்கு மறுநாள், காலமானார். அவருடைய பிள்ளைகள் டிசம்பர் நடுவில் வீட்டை விற்றுவிட்டார்கள். நான் நான்கு வருஷம் வரிசையில் காத்திருந்த அரசாங்க வாடகை உதவி வவுச்சர் சரியாக அந்த வாரமே வந்தது, அதை ஆண்டவருடைய கை என்றே எடுத்துக்கொண்டேன். என் ஓய்வூதியத்தில் ஒரு பங்கை நான் கொடுத்தால் மீதி வாடகையை அரசு வீட்டுவசதி அலுவலகமே வீட்டுக்காரருக்குக் கட்டிவிடும். ஆனால் நூற்றிருபது நாட்களுக்குள் அதை ஏற்கும் வீட்டைக் கண்டுபிடித்து, அலுவலகப் பரிசோதகர் வந்து பார்த்து அது தேறிவிட வேண்டும், தவறினால் வவுச்சர் போய்விடும், மறுபடி வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். உன்னிடம் சொல்லியிருந்தால், "அப்பா, ரூம் சும்மாதானே கெடக்கு, பொட்டியக் கட்டிட்டு வந்துடுங்க" என்றிருப்பாய். உன் அன்பை அறிவேன். ஆனால் நாற்பத்தொரு வருஷம் தொழுது, டீக்கனாக ஊழியம் செய்யும் சபையையும், புதன்கிழமைதோறும் நான் போய் ஜெபிக்கும் நோயாளிகளையும், உன் தாயின் கல்லறையையும் விட்டு வர என் மனம் இசையவில்லை.

வீடு தேடுவது எனக்கு ஒரு பள்ளிக்கூடமாயிற்று. தொலைபேசியில் முதல் வார்த்தையாகவே என்னிடம் வவுச்சர் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன், வீடு ஏற்கெனவே போய்விட்டது என்று மறுமுனையில் தொலைபேசியை வைத்துவிடுவார்கள். நம் சபைச் சகோதரர் ஹோபர்ட் தலையில் அடித்துக்கொண்டார். "டீக்கன், மொதல்ல வீட்டப் பாருங்க, சிரிங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க, அப்புறம் மெதுவா அவுத்து விடுங்க. நீங்க என்னடான்னா வாசல்லயே கொடி புடிக்கிறீங்க" என்றார். மறைத்து நுழைந்த வீட்டில் நிம்மதியாகத் தூக்கம் வருமா என்று நான் கேட்டேன். தூங்குவதற்கு முதலில் வீடு வேண்டுமே என்றார் அவர். முப்பத்தாறு வீடுகள் இவ்விதம் போயின. இளமையில் மனனம் செய்த சங்கீதங்களைப் பேருந்தில் வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஊரைச் சுற்றினேன், அவற்றில் பாதி புலம்பலாக இருப்பதன் காரணம் அந்தக் குளிர்காலத்தில்தான் எனக்கு விளங்கிற்று.

முப்பத்தேழாவது திருமதி டால்பர்ட்டுடையது. விதவை, கீழ்த்தளத்தில் இருக்கிறார், மேல்தளம் காலி. வவுச்சர் என்றதும் அவரும் முகம் சுளித்தார். "ஆபீஸ்காரங்க உள்ள நுழைஞ்சு குத்தம் கண்டுபுடிப்பாங்களாமே? இது என் ஃப்ராங்க் தன் கையால இழைச்ச வீடு. யாரும் குத்தம் சொல்ல நான் விடமாட்டேன்" என்றார். இருந்தும் என்னை ஒரு மணி நேரம் உட்கார வைத்து, பீச் பழப் பணியாரம் கொடுத்து, கடைசியில், "சரி, மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டீங்க, ஒளிக்கல. பாப்போம்" என்று வவுச்சர் தாளில் கையெழுத்திட்டார். வவுச்சருக்கு அப்போது பதினோரு நாட்களே மிச்சம்.

இனி என் பிழையைக் கேள். மேல்தளத்தில் இரண்டொரு இடத்தில் வண்ணம் உரிந்திருந்தது, உரிந்த வண்ணத்தைப் பரிசோதகர் விடமாட்டார் என்று அறிந்திருந்தேன். நம் சபையின் வழக்கம் உனக்குத் தெரியும், ஒருவரைக் கேட்டால் பதினொரு பேர் வந்து நிற்பார்கள். சனிக்கிழமை ஆண்கள் ஐக்கியம் முழுவதும் தூரிகையோடு வந்தது, பாட்டுப் பாடிக்கொண்டே சுவர், கதவு, ஜன்னல் என்று ஓர் அங்குலம் விடாமல் பூசியது. ஹோபர்ட் ஜன்னல் இடுக்குகளுக்கும் இரண்டு பூச்சுப் போட்டார். திங்களன்று பரிசோதகர், எனக்குப் பேத்தி வயதிருக்கும் பெண், மேல்நோக்கித் திறக்கும் படுக்கையறை ஜன்னலைத் தூக்கினாள். அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. நான்கும் வண்ணத்தில் ஒட்டி ஒரே பலகையாயிருந்தன. தீப்பிடித்தால் வெளியேற வழியில்லை என்று எழுதி, தேறவில்லை என்று குறித்து, கெடுவுக்குள் சரிசெய்தால் மறுபடி வந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

திருமதி டால்பர்ட்டின் முகம் கறுத்தது. "என் ஃப்ராங்க் வீடு தேறலையா? போதும் டீக்கன். கையில காசோட ஒரு ஜோடி காத்துக்கிட்டிருக்கு, அவங்களுக்கே குடுத்துக்கறேன்" என்றார். மகளே, எழுபத்திரண்டு வயதில் எனக்கு இனி வேறு வீடு தேட நாளில்லை. ஆனாலும் அந்தப் பரிசோதகர் பெண்ணின் முன்பாகவே, அம்மா, குற்றம் உங்கள் கணவர் கைவேலையில் இல்லை, எங்கள் கைவேலையில் இருக்கிறது, அவர் வைத்த ஜன்னலை நாங்கள்தான் மூடி முத்திரையிட்டோம், என்னை அனுப்பினாலும் அனுப்புங்கள், அவர்மேல் இந்தப் பழி நிற்கக் கூடாது என்றேன். அவர் ஜன்னலைத் தாமே ஒருமுறை தள்ளிப் பார்த்தார். பிறகு, "உங்க சபையில ஜன்னலத் தெறக்கக் கூடாதுன்னு ஏதாச்சும் கட்டளை இருக்கா?" என்று கேட்டார். பரிசோதகர் பெண் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். திருமதி டால்பர்ட் கீழே போய்க் கணவருடைய கருவிப் பெட்டியிலிருந்து மெல்லிய கத்தியொன்றை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

மூன்று நாட்கள் நானும் ஹோபர்ட்டும் இடுக்கு இடுக்காகக் கீறினோம். அறை நடுவே நாற்காலி போட்டு அமர்ந்து, "அங்க இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு, மூக்குக்கண்ணாடி போடலையா?" என்று அந்த அம்மாள் எங்களை வேலை வாங்கினார். வவுச்சருக்கு நான்கு நாள் மிச்சமிருக்கையில் அந்தப் பெண் மறுபடி வந்தாள். படுக்கையறை ஜன்னலை ஒரு விரலால் தூக்கினாள், அது லேசாக மேலேறி நின்றது, தேறியது என்று எழுதினாள். "அது என் ஃப்ராங்க் வெச்ச ஜன்னல்" என்றார் திருமதி டால்பர்ட், கண்களைத் துடைத்துக்கொண்டார்.

நேற்றுக் குடியேறினேன். உன் தாயின் படம் கிழக்குச் சுவரில் இருக்கிறது. இதை எழுதும்போது ஜன்னல் திறந்திருக்கிறது, ஏரிக்காற்று தாளை நகர்த்துகிறது, கீழே அந்த அம்மாள் வானொலியில் ஆராதனை கேட்கிறார். கோடையில் நீங்கள் வந்தால் படுக்கையறை உங்களுக்கு, கூடத்து சோபா எனக்கு. என்மேல் கோபமிருந்தால் அதையும் கொண்டு வா, நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

உன்னைக் காக்கிறவர் உறங்காமலிருந்து உன் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. மருமகனுக்கு என் வாழ்த்துகள். இன்றே உன் வீட்டு ஜன்னல்களை ஒருமுறை திறந்து பார். மறந்துவிட்டேன், ஒப்பந்தத்தின் அடியில் திருமதி டால்பர்ட் தம் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: டீக்கன் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கலாம், சபையார் தூரிகையோடு படியேறக் கூடாது. நான் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டேன்.

என்றும் உனக்காக ஜெபிக்கும் தகப்பன்,
ஆர்டெல் பிங்க்னி